ரெஸ்லிங் பெல்ட்டுக்குப் புதுத் தோல் வார்: நுவரெலியா சேணக்காரரிடம் தைத்துக்கொண்ட கதை

சாம்பியன் பெல்ட் ரெப்ளிகா ஒன்றை மலையகத்து வீட்டில் மூன்று நான்கு வருடம் வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். தகடு அப்படியே பளபளவென்று இருக்கும். எடுத்துத் தோளில் போட்டால் சட்டையெல்லாம் கறுப்புக் கறுப்பாக உதிரும். என்னுடைய பெல்ட் ஐப்பசி மழையில் உரியத் தொடங்கி, தைப்பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தபோது பின்பக்கம் முழுக்க வெறும் துணிதான் மிஞ்சியிருந்தது. இப்போது அதே தகடுகள் அசல் மாட்டுத்தோலில், கையால் தைத்த வாரில் இருக்கின்றன. தைத்தவர் நுவரெலியாவில் குதிரைச் சேணம் பழுது பார்க்கிற ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). அவருடைய வேலையைப் பற்றித்தான் இது, நல்லதும் குறையும் சேர்த்து.

முதலில் பெல்ட். சிறகு விரித்த கழுகு இருக்குமே, 1988 முதல் 1998 வரை டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியின் சாம்பியன்கள் கட்டியது, அதன் ரெப்ளிகா, அதாவது நகல். ரெண்டி சாவேஜ், ஹோகன், வாரியர், பிரெட் ஹார்ட், ஷோன் மைக்கேல்ஸ் எல்லாரும் கட்டியது அதுதான். 1998 மார்ச்சில் ஸ்டீவ் ஒஸ்டின் ஜெயித்த மறுநாளே பெரிய கழுகுப் பெல்ட்டுக்கு மாறிவிட்டார்கள். எனக்கு அந்தப் பழைய கழுகுதான். தலவாக்கலை டவுனில் சித்தப்பா வீட்டில் டெக் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்து போய் வாடகைக் கேசட்டில் பார்த்த பிரெட் ஹார்ட்டின் இடுப்பில் இருந்தது அது. அப்புறம் 2002க்குப் பிறகு டிஷ் வந்து, டென் ஸ்போர்ட்ஸ் சனல் வந்து, லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கப் பிள்ளைகள் ரெஸ்லர் படம் போட்ட ட்ரம்ப் கார்ட் வைத்துக்கொண்டு உயரம், எடை, பைசெப்ஸ் என்று கத்தித் திரிந்த காலத்தில் நான் வளர்ந்துவிட்டேன், ஆனாலும் கார்ட் சேர்த்தேன். அந்தக் கார்ட்களில் பாதி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிரித்தால் ஒருவரின் முகம் இன்னொருவரின் முதுகில் வந்துவிடுகிறது. பெல்ட்டை மச்சான் தோஹாவிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். அதை இழக்க எனக்கு மனமில்லை.

ஏன் உரிகிறது என்று விளங்கிக்கொண்டால் பணத்தை வீணாக்காமல் இருக்கலாம். விலை குறைந்த ரெப்ளிகாக்களின் வார் தோல் கிடையாது. துணி மேலே பொலியூரித்தேன் பூச்சு பூசி, தோல் போல வரி போட்டது. காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். காய்ந்த ஊரில் சில வருடம் கூடுதலாகத் தாங்கும், நம் ஊரில் மாசக்கணக்கில் பனியும் மழையும், அலமாரிக்குள் வைத்த சட்டையே பூஞ்சணம் பிடிக்கிற இடம். நான் முதலில் செய்த பிழை, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வைத்தது. உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் சீக்கிரமே முடித்துவிட்டது. உரியத் தொடங்கிய பிறகு பசை, பொலிஷ், கறுப்புப் பெயின்ட் எதுவும் பிடிக்காது. எல்லாம் பார்த்தாயிற்று.

நுவரெலியாவுக்கு ஏன் போனேன் என்றால், கிரெகரி வாவிப் பக்கம் சவாரிக்கு நிற்கிற மட்டக்குதிரைகளின் வார்களைப் பார்த்துத்தான். தினமும் பனியிலும் மழையிலும் நனைகிற தோல், வருடக்கணக்கில் உழைத்துக் கறுத்து மினுங்குகிறது. குதிரைக்காரப் பையனிடம் இதை யார் தைப்பது என்று கேட்டேன், அவன் வழி சொன்னான். பெயர்ப்பலகை கிடையாது, ஒரு காம்பரா, வாசலில் இரண்டு பழைய சேணம் தொங்கும். உள்ளே அறுபது வயது தாண்டிய நானா, மடியில் மரக்கிடுக்கி வைத்து ஒரு கடிவாள வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். பெல்ட்டைத் துணியிலிருந்து பிரித்து வைத்ததும் அவர் தகட்டைப் பார்க்கவேயில்லை, திருப்பி வாரைத்தான் தடவிப் பார்த்தார்.

“இது தோல் இல்ல தம்பி. இது செய்யேலும். ஆனா இத இடுப்புல கட்டுறதா, தோள்ல போடுறதா?”

இந்தக் கேள்விக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். இதற்கு முன் கேட்டுப்பார்த்த இரண்டு பை தைக்கும் கடைகளில் அளவெடுத்தார்கள், விலை சொன்னார்கள், அவ்வளவுதான். இடுப்பில் கட்டுகிற வார் வளைய வேண்டும், தோளில் போடுகிற வார் தகட்டின் பாரத்தில் தொங்கிக் கோணாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். சேணம் தைக்கிறவருக்கு அது கை பழகிய விஷயம். நான் இரண்டும் வேண்டும் என்றேன். அப்படியானால் இரண்டு அடுக்குத் தோல், உள்ளே மெல்லியது, வெளியே தடித்தது என்றார்.

பிறகுதான் தகட்டைப் பார்த்துவிட்டு, “இது அந்தப் பொய்ச் சண்டைக்காரங்கட தானே?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். ரெஸ்லிங் பார்க்கிற எல்லாரும் வாழ்நாளில் நூறு தடவை கேட்கிற கேள்வி. நான் தோட்டத்துக்காரன், எனக்கு வருகிற பதில் ஒன்றுதான்: எங்கள் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்து.

மாசியில் காமன் ஊன்றினால் லயத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் கதை தெரியும். மன்மதன் அம்பு விடுவான், சிவன் கண் திறப்பார், மன்மதன் எரிவான், ரதி அழுவாள், பிறகு அவன் உயிர்த்து வருவான். போன வருடமும் அப்படித்தான், அடுத்த வருடமும் அப்படித்தான். ரதி வேடம் கட்டியிருப்பது பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மாமா என்பதும் தெரியும், சாயங்காலம் அவரோடு தேத்தண்ணி குடித்திருப்போம். ஆனாலும் விடியற்காலை தப்பு மேளம் உச்சத்துக்குப் போய் ரதி ஒப்பாரி எடுத்ததும், பகல் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து குந்தியிருக்கிற பெண்கள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொள்வார்கள். என் தாத்தா இருபது வருடத்துக்கு மேல் ரதி கட்டினவர். அந்த அழுகையைப் பொய் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியே இருக்காது.

ரெஸ்லிங்கும் எனக்கு அந்த வகைதான். முடிவு முன்கூட்டியே பேசியது. ஆனால் விழுகிற உடம்பு அசல். ரிங்கின் அடியில் இரும்புச் சட்டம், மேலே பலகை, மெல்லிய ஃபோம், கன்வஸ், அவ்வளவுதான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழப் பழக வேண்டும், பழகாமல் விழுந்தால் கழுத்து போய்விடும். தன் உடம்பை எதிராளியின் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். நானா தலையாட்டினார். “குதிரையில இருந்து விழுறவனும் பழகித்தான் விழுறான்” என்றார்.

அவருக்கு நான் சொன்ன கதை 1994 மார்ச் 20, நியூ யோர்க் மெடிசன் ஸ்குவெயார் கார்டன், அந்தக் கம்பெனியின் வருடாந்தப் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியா பத்து. முதல் சண்டையில் அண்ணன் பிரெட் ஹார்ட்டும் தம்பி ஓவன் ஹார்ட்டும் மோதுகிறார்கள், தம்பி சுத்தமாக ஜெயிக்கிறான். அதே இரவு கடைசிச் சண்டையில் அண்ணன் யொகொசுனாவை வென்று பெல்ட்டை எடுக்கிறார். மற்ற வீரர்கள் பலர் உள்ளே வந்து அவரைத் தூக்கிக் கொண்டாடும்போது, ஓவன் நடைபாதையில் தனியாக வந்து நின்று பார்க்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. “நான் உன்னைத் தோற்கடித்தேன், பெல்ட் மட்டும் உன்னிடம்” என்பது அந்தப் பார்வையில் இருக்கிறது. காணித் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பிகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த நிற்பு விளங்கும். அந்தக் காட்சியில் பெல்ட் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. பெல்ட்தான் அங்கே மூன்றாவது பாத்திரம்.

மூன்றரை வருடம் கழித்து மொன்ட்ரியலில், 1997 நவம்பர் 9ஆம் திகதி, அதே கழுகுப் பெல்ட்டைப் பிரெட்டிடமிருந்து எடுத்த விதத்தை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியாது. பேசியது ஒரு முடிவு, நடந்தது வேறு. ஷோன் மைக்கேல்ஸ் பிடி போட்டதும், பிரெட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மஹோன் மணி அடிக்கச் சொன்னார். பிரெட் அவர் முகத்தில் துப்பினார். கூத்துக்காரர் பேரனாக எனக்கு அதில் வலிப்பது இதுதான்: ஆடுகிறவன் முதுகை நம்பிக் கொடுத்திருக்கிறான், அந்த நம்பிக்கையை முறித்துவிட்டால் கூத்தும் இல்லை, சண்டையும் இல்லை. நானா இதைக் கேட்டுவிட்டு நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே, “பேசின மாதிரி செய்யணும்” என்றார்.

சரி, வேலைக்கு வருவோம். தகடுகளைக் கழற்றியபோது ஒவ்வொரு திருகாணியையும் எந்தத் தகட்டின் எந்த மூலை என்று எழுதிய காகிதத்தில் சுற்றி வைத்தார். என் தகடுகள் துத்தநாக வார்ப்பு, தட்டையானவை. இடுப்புக்கு ஏற்றபடி லேசாக வளைக்கலாமா என்று கேட்டேன், மறுத்துவிட்டார், பித்தளையாக இருந்தால் வளையும், இது வெடிக்கும் என்றார். தெரியாத ஒருவர் சுத்தியலால் தட்டிப் பார்த்திருப்பார், என் கழுகு இரண்டாகியிருக்கும்.

தையல்தான் இந்த வேலையின் உயிர். மெஷினில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரிந்துவரும். இவர் குத்தூசியால் துளை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஊசியைக் கடத்தி இறுக்குகிறார். ஒரு இடத்தில் அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி பிடித்துக்கொள்ளும். தேன்மெழுகு பூசிய நூல் என்பதால் ஈரத்துக்கும் தாங்கும். ஓரங்களைச் சீவி, மெழுகு வைத்து, துணியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கியிருக்கிறார், விரலை ஓட்டினால் இரண்டு தோல் சேர்ந்த இடம் தட்டுப்படவில்லை. முன்பு வீட்டுத் தராசில் 2 கிலோ 100 இருந்த பெல்ட் இப்போது 2 கிலோ 600. தோளில் போட்டால் அந்த அரைக் கிலோ தெரிகிறது, மேசையில் வைக்கும்போது ‘தொப்’பென்று ஒரு கனத்த சத்தம் வருகிறது. முன்பு சரசரவென்று பிளாஸ்டிக் சத்தம்தான் வரும்.

குறைகளும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. மார்ச் கடைசியில் கொடுத்தது என் பிழையும்தான், ஏப்ரல் சீசனில் ரேஸும் சவாரியும் நடக்கும்போது அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் தாமதமாகும் என்று முன்பே சொல்லியிருந்தால், லிந்துலை, நானுஓயா வழியாக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டேன். ஃபோன் எடுப்பதில்லை. அடுத்தது, பழைய வாரின் ஓரத்தில் இருந்த பூவேலை இதில் இல்லை. நேராக இரண்டு கோடு மட்டும் சூடு போட்டு இழுத்திருக்கிறார். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் டிவியில் பார்த்ததுபோல அச்சு அசலாக வேண்டும் என்பவர்கள் ஏமாந்துபோவார்கள். முதல் இரண்டு வாரம் கறுப்புச் சாயம் கையில் ஒட்டியது, வெள்ளைச் சட்டையோடு போட வேண்டாம். பிரஸ் பட்டன் வரிசை ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது, மறுபடி கொண்டுபோய்க் காட்டியபோது காசு வாங்காமல் இன்னொரு வரிசை அடித்துக் கொடுத்தார்.

செலவு: தோலுக்கு 6,500 ரூபா, கூலி 4,000 ரூபா. மொத்தம் 10,500. நான் சம்பளக்காரன், யோசித்துத்தான் கொடுத்தேன். கொடுத்த காசு பெறுமதியான வேலை. வாங்கி இன்றைக்கு ஆறு மாதம், நடுவில் ஒரு முழு மழைக்காலம் போயிருக்கிறது, தோல் கொஞ்சம் கறுத்து மிருதுவானதே தவிர ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு தடவை வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்தது, காய்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றுப் பட வைத்தேன், போய்விட்டது. தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம் என்று நானா கண்டிப்பாகச் சொன்னார், பூசினால் பூஞ்சணம் இன்னும் பிடிக்குமாம். பொலித்தீனும் வேண்டாம். நான் பழைய பருத்திச் சாரத்தில் சுற்றி, மடிக்காமல் நீளமாக வைத்திருக்கிறேன், கிட்டே இரண்டு சிலிக்கா ஜெல் பை.

போகிறவர்கள் கவனிக்க: வெள்ளிக்கிழமை பகல் ஜும்மாவுக்குப் போய்விடுவார், காம்பரா பூட்டியிருக்கும். ஏப்ரல் வேண்டாம். ரேஸ்கோர்ஸ் பக்கம் எந்தக் குதிரைக்காரரிடமாவது சேணம் தைக்கிற நானா எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். நீங்கள் விரும்புகிற பெல்ட்டின் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள், ஃபோன் திரையில் காட்டினால் அவருக்குக் கண் தெரிவதில்லை. தோளா இடுப்பா என்பதை முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

போன கிழமை நான் மறுபடி போனேன், இந்தத் தடவை தாத்தாவின் சலங்கையோடு. மணிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, தோல்பட்டைதான் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நானா ஒரு மணியை விரலால் தட்டிக் கேட்டுவிட்டு, “இது காலுக்கா?” என்றார். ஆமாம், ஆடுகிற காலுக்கு என்றேன். அப்படியானால் உள்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விடியும்போது கணுக்காலில் தோல் உரிந்துவிடும் என்று சொல்லி அளவுக்கு என் காலை நீட்டச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் காமன் ஊன்ற இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.