சியரா நெவாடா பேல் ஏல்: கசப்பை ரசிப்பவர்களுக்கு

கப்பலில் வேலை பார்க்கும் என் மைத்துனர் இந்த முறை விடுப்பில் வந்தபோது சியரா நெவாடா பேல் ஏல் என்னும் அமெரிக்க பீர் பாட்டில்கள் சில கொண்டுவந்தார். “மாமா, பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடிக்காதீர்கள், பத்து நிமிடம் வெளியில் வையுங்கள்” என்றார். ராயபுரத்துப் புழுக்கத்தில் அவ்வளவு நேரம் பொறுப்பது கடினம்தான். ஆனாலும் அவர் சொன்னதே சரி. பல் கூசும் குளிரில் இந்த பீரின் மணம் எழும்புவதே இல்லை.

தம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். வெளிர் செம்பு நிறம், மேலே விரற்கடை உயரத்துக்கு நுரை. குடிக்கக் குடிக்க அந்த நுரை தம்ளரின் சுவரில் வளையம் வளையமாக ஒட்டி நிற்கிறது. பாட்டிலின் அடியில் மெல்லிய வண்டல் இருக்கும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். மூடிய பிறகும் உள்ளே ஈஸ்ட் நொதித்துக்கொண்டிருந்ததன் தடயம் அது. கலங்காமல் ஊற்றி, கடைசி மடக்கைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டேன்.

மூக்கருகே கொண்டுபோனால் பம்பளிமாஸ் தோலைக் கீறியது போன்ற வாசனை, அதன் பின்னால் பைன் பிசின். எல்லாம் கேஸ்கேட் என்னும் ஹாப்ஸ் ரகத்தின் வேலை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூதான் ஹாப்ஸ். 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்த ரகத்துக்குப் புகழ் தேடித் தந்ததில், கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் காய்ச்சப்படும் இந்த பீருக்குப் பெரும் பங்கு உண்டு. நாக்கில் முதலில் படுவது மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், மெல்லிய இனிப்பு. விழுங்கும்போது கசப்பு வருகிறது. சுத்தமான, உலர்ந்த கசப்பு. ஆல்கஹால் 5.6 சதவீதம்தான். ஸ்ட்ராங் பீரில் தொண்டையை அறுக்கும் நெடி இதில் துளியும் இல்லை. போதைக்காகக் குடிப்பவர் இதை வாங்க வேண்டாம்.

காசிமேட்டு நெத்திலியை மிளகாய்த்தூள் பூசி வறுத்ததோடு சாப்பிட்டபோது பொருந்தவில்லை. கசப்பு காரத்தை ஏற்றிவிட்டது. உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வறுத்த அடுத்த ஈட்டுக்கு அமிர்தமாக இருந்தது. பர்மா பஜார் பக்கம் வாங்கிய அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸும் நன்றாகவே சேர்ந்தது, வறுத்த வெங்காயத்தின் புண்ணியத்தில்.

பேல் ஏல் என்னும் பீர் வகை நம் கரைக்குப் புதிதும் அல்ல. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பே, ஆங்கிலேயர்களுக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலேறி மதராசுக்கு வந்திருக்கிறது. அன்று நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகள்தான் சரக்கைக் கரை சேர்த்தன.

யாராவது வாங்கி வருவதாகச் சொன்னால், பாட்டிலில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நாள்பட்டால் முதலில் போவது அந்த பம்பளிமாஸ் மணம்தான். வெயில் படும் அலமாரியில் வைத்த பாட்டிலையும் தொடவேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறிவிடும்.