மகளிடமிருந்து பிடுங்கிப் படித்த கொலைக் கதை

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். குமுளியில் மழை பிடித்தால் கரண்ட் போவது வழக்கம்தான், ஆனால் அன்றைக்குக் கரண்ட் இருந்தது. பிடுங்கிப் பார்த்தால் 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்', ஹாலி ஜாக்சனின் 2019 நாவல். திட்டி வாங்கி வைத்தவன் நானே படிக்க உட்கார்ந்து, மூன்று நாளில் முடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். அந்த மூன்று நாளும் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை.

கதை நடப்பது இங்கிலாந்தில், லிட்டில் கில்டன் என்கிற கற்பனை ஊரில். ஐந்து வருடம் முன்பு ஆண்டி பெல் என்ற பெண் காணாமல் போகிறாள். அவளுடைய காதலன் சால் சிங் காட்டுக்குள் பிணமாகக் கிடக்க, அவன்தான் கொன்றான் என்று கேஸை மூடிவிடுகிறார்கள். பதினேழு வயது பிப் அதையே பள்ளி ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டு சாலின் தம்பி ரவி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.

பேட்டிகள், பிப்பின் குறிப்புகள், நீண்டுகொண்டே போகும் சந்தேகப் பட்டியல் எல்லாம் நடுநடுவே அப்படியே வருகின்றன. அவளுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும், அதனால் அவள் ஏமாறும்போது நாமும் சேர்ந்தே ஏமாறுகிறோம். நான் பாதியிலேயே ஒருவரை முடிவு பண்ணி மகளிடம் பெருமையாகச் சொன்னேன், அவள் சிரித்தாள், அப்போதே புரிந்திருக்க வேண்டும். நண்பர்களோடு கூடாரம் போட்டுத் தங்கிய இரவில் பிப்பின் தூங்கும் பைக்குள், தோண்டுவதை நிறுத்து என்று ஒரு காகிதம் கிடக்கும் பாருங்கள், அந்த இடத்தில் நான் எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழ் போட்டேனா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் மனசில் நின்றது சால் குடும்பத்தை ஊர் ஒதுக்கி வைக்கும் விதம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றி இங்கே எல்லையே அடைபட்டுக் கிடந்தபோது மகள் கைக்குழந்தை. தினமும் பேசிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமலேயே கடந்து போனார். ரவி தெருவில் நடந்துவரும் பக்கங்களை அதனால்தான் மெதுவாகப் படித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. பெயர்கள் அதிகம், கடைசியில் விளக்கம் சொல்லிச் சொல்லி இழுக்கிறார்கள். போதை மருந்து, பார்ட்டி, பெண்பிள்ளைகளிடம் அத்துமீறல் எல்லாம் வருகிறது, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் கொடுக்க மாட்டேன். நாய் வளர்ப்பவர்கள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். இங்கிலீஷ் ஒன்றும் கஷ்டமில்லை.

அப்புறம், ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய இந்தப் பிரதி கள்ளப் பதிப்பு. படம் வரும் இடமெல்லாம் மைக்கறை, துப்பு அதில்தான் இருக்கிறது! நாலு காசு கூடப் போனாலும் நல்ல பிரதியாக வாங்குங்கள். அடுத்த பாகத்தை முதலில் தொட்டுவிடாதீர்கள், இதில் யார் செய்தார்கள் என்பதை அது ஆரம்பத்திலேயே போட்டு உடைத்துவிடும்.