சொந்தப் பெயரா, புனைபெயரா, ஆபீஸ் கணக்கா?

அரசு வேலையில் இருந்துகொண்டு இணையத்தில் எழுத நினைப்பவருக்கு வழி மூன்று: துறையின் அதிகாரபூர்வப் பக்கம், புனைபெயர், சொந்தப் பெயர். பலரும் யோசிக்காமல் நடுவில் உள்ளதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதில்தான் வில்லங்கம் அதிகம் என்பது என் கட்சி.

அதிகாரபூர்வப் பக்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை விடுமுறை, வெள்ள எச்சரிக்கை, முகாம் அறிவிப்புக்கு அதுவே சரி. கணக்கு பதவிக்குச் சொந்தம். கலெக்டர் மாற்றலானால் அடுத்தவர் கைக்குப் போய்விடும். 2022 ஆகஸ்டில் ஆலப்புழா கலெக்டர் கிருஷ்ண தேஜா குழந்தைகளுக்கு எழுதிய விடுமுறை அறிவிப்பு போல எப்போதாவது ஒன்று மனுஷக் குரலில் வரும். உள்ளே நடப்பதைச் சொல்ல மட்டும் அங்கே இடம் கிடையாது.

உள்ளே நடப்பது வெளியே வருவதால் வாசகருக்கு லாபம் புனைபெயரில்தான். இங்கிலாந்தின் லங்காஷயர் போலீஸில் துப்பறியும் பிரிவில் இருந்த ரிச்சர்ட் ஹார்ட்டன் 'நைட் ஜாக்' என்ற பெயரில் போலீஸ் வேலையைப் பற்றி வலைப்பதிவு எழுதினார். 2009 ஏப்ரலில் அரசியல் எழுத்துக்கான ஆர்வெல் பரிசு கிடைத்தது. ஜூனில் 'தி டைம்ஸ்' நாளிதழ் அவர் யாரென்று வெளியிடப் போனது. தடை கேட்டு கோர்ட்டுக்குப் போனார்; வலைப்பதிவு எழுதுவது பொதுவெளிக் காரியம், அதில் அந்தரங்கம் கோர முடியாது என்று நீதிபதி ஈடி மறுத்துவிட்டார். பெயர் வெளிவந்தது, துறை எழுத்துபூர்வமாக எச்சரித்தது, பதிவுகள் காணாமல் போயின. நிருபர் அவருடைய மின்னஞ்சலுக்குள் புகுந்திருந்த விவகாரம் 2012இல்தான் அம்பலமானது. நாளிதழ் 42,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. கொடுத்து என்ன, எழுத்து போனது போனதுதான்.

ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையில் இருந்த மிக்கேலா பானர்ஜியைக் காட்டிக்கொடுத்தது பத்திரிகை அல்ல. உடன் வேலை பார்ப்பவர்களிடமிருந்தே புகார் போனது. சொந்தப் பெயர் போடாமல், பெரும்பாலும் வேலை நேரத்துக்கு வெளியே, அரசுக் கொள்கை விமர்சனம் உட்பட 9,000க்கும் மேற்பட்ட ட்வீட்கள். 2013இல் வேலை போனது. 2019 ஆகஸ்டில் அந்நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான ஹை கோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள்.

நம் ஊர் விதி இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 9வது விதி, அரசின் நடப்புக் கொள்கையையோ செயலையோ விமர்சிப்பதைத் தடுக்கிறது. சொந்தப் பெயரில் மட்டுமல்ல. பெயரில்லாமல், புனைபெயரில், பிறர் பெயரில் எழுதினாலும் குற்றம்தான். பிறகு முகமூடி எதற்கு? மாட்டிக்கொண்டால் ஒளிந்து எழுதியவன் என்ற கெட்ட பெயர்தான் மிச்சம்.

சொந்தப் பெயரிலும் அடி விழும். கோழிக்கோட்டில் 'கலெக்டர் ப்ரோ' என்று கொண்டாடப்பட்ட பிரசாந்த், மேலதிகாரியைத் தாக்கி ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக 2024 நவம்பரில் சஸ்பெண்ட் ஆனார். அதே சமயம், ஓய்வுக்குச் சில நாள் இருக்கையில் அரசியல் பதிவுக்காகவும் கூட்டத்துக்குப் போனதற்காகவும் சஸ்பெண்ட் ஆன ஓர் ஊழியரின் வழக்கில், அரசு ஊழியர் என்பதால் பேச்சுரிமை பறிபோய்விடாது என்று திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. 2018இல் தொடங்கிய அலைச்சல் அது. 17பி மெமோவை, அதாவது கடும் தண்டனைக்கான துறைக் குற்றச்சாட்டுக் கடிதத்தை, கையில் வாங்கியவர்களுக்கு அந்த இரண்டு வருடத்தின் கனம் தெரியும்.

ஆனாலும் என் ஓட்டு சொந்தப் பெயருக்கே, உங்கள் மேஜைக்கு வரும் ஃபைலைத் தொடாதவரை. சர்வேயர் ஊர் ஏரிகளின் வரலாற்றை எழுதட்டும். தன்னிடம் இருக்கும் பட்டா தகராறை வேண்டாம். 'கருத்து என்னுடையது, அரசுடையது அல்ல' என்ற வரியைப் போடுங்கள். விதியே அதைக் கேட்கிறது. அது போட்டதால் 9வது விதி விட்டுவிடாது. சம்பளம், பணிச்சுமை பற்றிக் கொட்டித் தீர்க்க வேண்டுமானால் சங்கப் பொறுப்பாளர் என்ற முறையில் எழுதுங்கள். சில பிரிவு ஊழியர்களுக்கு அந்த அளவுக்கு 9வது விதியிலேயே விலக்கு இருக்கிறது.