இரண்டடி மரக்கிண்ணம்: லேத்தின் வெளிப்பக்கமா, திரும்பும் தலையா?

16 அங்குல விட்டம் வரை கடையும் லேத்தில் (மரக் கடைசல் இயந்திரத்தில்) 24 அங்குலக் கிண்ணம் கடைய, அடியில் நீளமாக ஓடும் பெட் இடம் தராது. மரத்தைச் சுழற்றும் தலையான ஹெட்ஸ்டாக்கின் இடப்பக்க வெளிமுனையில் கட்டையை மாட்டுவது ஒரு வழி. ஹெட்ஸ்டாக்கே திரும்பும் லேத் வாங்குவது மற்றொன்று. ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்துவோரும் உண்டு. மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டையும் பிசகாமல் அதே அளவு உயர்த்த வேண்டும் என்பதால் அதை நாங்கள் சொல்வதில்லை.

வெளிமுனையில் நின்று பார்த்தால் மரம் கடிகாரச் சுற்றில் ஓடும். அதனால் அங்கே, இடப்பக்கம் திருப்பினால் இறுகும் இடது மரைதான் இருக்கும். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வழக்கமான சக் ஏறாது. மரத்தை ஸ்க்ரூவால் இறுக்கும் வட்டத் தகடான ஃபேஸ்பிளேட்டை இடது மரையோடு தனியாகக் கடைந்து வாங்க வேண்டும். ரிவர்ஸில் ஓட்டினால் அதுவும் கழன்று வரும். உளி மையத்துக்கு வலப்பக்கம் வெட்டும். இதற்குக் கை பழக நாளாகும். சக் இல்லாததால் உட்புறம் குடையும்போது அடியை ஸ்க்ரூதான் பிடிக்கிறது. அடியில் ஒன்றரை அங்குலமாவது மரம் விட்டுவையுங்கள். திரும்பும் தலையில் இந்த மாற்றம் எதுவும் கிடையாது: அதே மரை, அதே சக், அதே கைவாகு.

ஆனால் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் டூல் ரெஸ்ட்தான். வெளிப்பக்கத்தில் அது தனி ஸ்டாண்டில் தரையில் நிற்கும். தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரக் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். லேத் ஒரு தளத்திலும் ஸ்டாண்டு வேறு தளத்திலும் இருந்தால் பருவத்துக்குப் பருவம் உயரம் மாறும், உளி அதிரும், வெட்டு அலை அலையாக விழும். இரண்டும் கம்பி கட்டிய ஒரே கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட்டில் நிற்க வேண்டும். திரும்பும் தலையில் டூல் ரெஸ்ட் லேத்தோடு சேர்ந்தே வருகிறது. தளம் சற்று அசைந்தாலும் இரண்டும் சேர்ந்தே அசையும். டெல்டாவில் அதன் பெரிய பலம் இதுதான்.

டெயில்ஸ்டாக் துணை இரண்டிலும் பெரும்பாலும் கிடைக்காது. 24 அங்குல விட்டம், 8 அங்குலக் கனமுள்ள பச்சைத் தூங்குமூஞ்சிக் கட்டை 40 கிலோவைத் தாண்டும். முனைகளை ரம்பத்தில் நறுக்கி, வட்டமாக்கிய பிறகே மாட்டுங்கள். 6 அங்குல ஃபேஸ்பிளேட்டில் 8 தடித்த மர ஸ்க்ரூ போடுங்கள். ஜிப்சம் போர்டு ஸ்க்ரூ தலை ஒடிந்துபோகும். தொடக்க வேகம் 200 ஆர்.பி.எம்.முக்குள் இருக்கட்டும், சமநிலை வந்தபின் 300 போதும். 1,000-இல் விட்டால் விளிம்பு மணிக்கு 115 கி.மீ. வேகத்தில் ஓடும்.

லேத் ஏற்கெனவே இருந்து, வெளிமுனையில் மரையும் இருந்தால், வெளிப்பக்கமே போதும். பணத்தைத் தளத்தில் போடுங்கள். புதிதாக வாங்குவோருக்குத் திரும்பும் தலைதான். ஆனால் தலையைத் திருப்பியதும் எடை பெட்டுக்கு வெளியே தொங்கும், இலகுவான லேத் சாயும். அதையும் போல்ட் போட்டே நிறுத்துங்கள்.