கிச்சன் பவர் பாயிண்டுக்கு எந்த எம்சிபி? 16-ஆ, 20-ஆ, 32-ஆ?

எங்க வீட்டு கிச்சன்ல ஒரே 16 ஆம்ஸ் பாயிண்ட்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இண்டக்‌ஷன் 2000 வாட்ஸ், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1400னு மூணும் ஓடும், கூட்டிப் பாத்தா 21 ஆம்ஸ் வருது, கொஞ்ச நேரத்துல எம்சிபி (லோடு கூடினா தானா கரண்ட்ட கட் பண்ற ஸ்விட்ச்) விழுந்துரும். பாக்க வந்த எலக்ட்ரீஷியன் 16-ஐ கழட்டிட்டு 32 மாட்டிட்டுப் போனார். ட்ரிப் நின்னுச்சு, ரெண்டே மாசத்துல சாக்கெட் ஓட்டை பழுப்பாகி உருகிருச்சு, அம்மாதான் வாடைய வச்சு கண்டுபிடிச்சாங்க.

எம்சிபி காப்பாத்துறது வயரை, நம்ம மிக்சிய இல்ல. அதுலயும் 16னு போட்டிருந்தா 16 தாண்டினதும் விழாது, 1.13 மடங்கு வரைக்கும் ஒரு மணி நேரம் விழாம நிக்கும், 1.45 மடங்கு போனாதான் ஒரு மணி நேரத்துக்குள்ள கண்டிப்பா விழணும். 16க்கு அது 23 ஆம்ஸ், 20க்கு 29, 32க்கு 46! பைப்புக்குள்ள போற 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் தாங்குறதே 20, 24 ஆம்ஸ்தான், சாக்கெட் 16தான், அப்ப 32 போட்டா முதல்ல எரியறது எதுன்னு யோசிங்க. 6 ஸ்கொயர் வயர் இழுத்து சாக்கெட்டே இல்லாம நேரா கனெக்‌ஷன் குடுக்கற பெரிய ஹாப்னா (மேடைல பதிக்கற கரண்ட் அடுப்பு) 32 சரி, ப்ளக் பாயிண்டுக்கு வேணவே வேணாம்.

20 போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. 4 ஸ்கொயர் வயர்ல ரெண்டு 16 பாயிண்டுக்கு ஒரு 20னா வயருக்கு பிரச்சனை இல்ல, செலவும் கம்மி, ஆனா யாராச்சும் ஒரு சாக்கெட்ல எக்ஸ்டென்ஷன் போட்டா அந்த சாக்கெட்ல 22 ஆம்ஸ் ஓடினாலும் எம்சிபி கண்டுக்காது. அமெரிக்கால 20 ஆம்ஸ் லைன்ல 15 ஆம்ஸ் சாக்கெட் போடறாங்களேன்னு சொல்லுவாங்க, அது அங்க ஒரு லைன்ல பல சாக்கெட் இருந்தா மட்டும் ரூல் அனுமதிக்குது, அதுக்கேத்த மாதிரிதான் அந்த சாக்கெட்டையும் செய்யறாங்க, நம்ம சாக்கெட்ட வச்சு அத காப்பி அடிக்க முடியாது.

என் ஓட்டு பாயிண்டுக்கு ஒரு 16 எம்சிபி, தனித்தனி 2.5 ஸ்கொயர் வயர். ஒரு பாயிண்ட்ல 3680 வாட்ஸ் வரைக்கும் எடுக்கலாம். சுவரை வெட்டணும், எம்சிபி எல்லாம் மாட்டற டிபி பாக்ஸ்ல இடம் வேணும், காசு கூடத்தான். நாங்க இப்ப இண்டக்‌ஷனுக்கு ஒண்ணு, மைக்ரோவேவுக்கு ஒண்ணு, கெட்டிலுக்கு ஒண்ணுன்னு மூணு லைன் இழுத்துட்டோம்.

6 ஆம்ஸ் பாயிண்ட் மிக்சி, கிரைண்டருக்கு போதும், 1380 வாட்ஸ்தான் அதோட எல்லை. பெரிய ப்ளக்க சின்ன சாக்கெட்ல சொருக வைக்கற கன்வர்ஷன் ப்ளக் போட்டு இண்டக்‌ஷன அதுல மாட்டாதீங்க, தயவு செஞ்சு.