பிஎச்.டி. 'பேக்கேஜ்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்துவிட்டு வெளிநாட்டில் பிஎச்.டி. பண்ணலாம் என்று நினைக்கும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அப்படி ஒரு 'பேக்கேஜ்' விற்ற கன்சல்டன்சியின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

2023 நவம்பரில் கோவையில் அந்த அலுவலகத்துக்குப் போனேன். சுவர் முழுக்க பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். "தம்பி, பிரிட்டன்ல அட்மிஷன், ஸ்காலர்ஷிப் ரெண்டுமே எங்க பொறுப்பு" என்றார் அங்கிருந்த மேடம். மொத்தம் 85,000, முன்பணம் 50,000. அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். ரசீதில் 'கவுன்சலிங் கட்டணம்' என்று மட்டும்தான் இருந்தது, ஸ்காலர்ஷிப் என்ற சொல்லே இல்லை. அன்றைக்கே அது உறைத்திருக்க வேண்டும்.

என் ப்ராஜெக்ட் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி அனார்த்தோசைட் பற்றியது (சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலவு மண் மாதிரி செய்ய இஸ்ரோ எடுத்துப்போன அதே பாறைதான்). அந்த ஃபைலை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது பிப்ரவரியில்தான் தெரிந்தது. சி.வி.யில் இருந்த என் சொந்த முகவரிக்கு ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார்: உன் பெயரில் இதே கடிதம் எனக்கு மூன்றாவது முறையாக வருகிறது, இந்த முறை தொடக்கத்தில் என் சக பேராசிரியரின் பெயர் இருக்கிறது, தவிர நான் நிலநடுக்கம் படிப்பவள், பாறை அல்ல. படித்ததும் கூசிப்போனேன். என் பெயரில் ஒரு மெயில் ஐடி திறந்து, கண்ணில் பட்ட பேராசிரியர்களுக்கெல்லாம் ஒரே கடிதத்தைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். விண்ணப்பமும் அதே ஐடியில்தான், பாஸ்வேர்ட் அவர்களிடம்.

ஏப்ரலில் ஆஃபர் லெட்டர் வந்தது. வீட்டில் கேசரி கிண்டி அக்கம்பக்கம் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். சொந்தச் செலவில் சேர்வதற்கான ஆஃபர்! ஆண்டுக்கு 26,000 பவுண்டுக்கு மேல், மூன்றரை ஆண்டு, ஆய்வகச் செலவு தனி. அவர்கள் சொன்ன ஸ்காலர்ஷிப் என்பது முதல் ஆண்டில் 3,000 பவுண்டு தள்ளுபடி. கேட்டால், "லோன் போட்டுக்கலாம் தம்பி, இல்லைன்னா எம்.எஸ்சி.ல சேருங்க, அது ஈஸி." ஈஸிதான், அப்படிச் சேர்த்துவிட்டால் இவர்களுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வரும், பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் வராது.

இனி யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். பிரிட்டனில் ஜியாலஜி ஆய்வுக்கான பணத்தில் பெரும்பகுதி என்.இ.ஆர்.சி. என்ற அரசு ஆய்வு மன்றம் கொடுப்பது. ஒவ்வொரு ப்ராஜெக்டும் வழிகாட்டியின் பெயரோடு அக்டோபர், நவம்பர் வாக்கில் விளம்பரமாக வரும், பெரும்பாலும் ஜனவரி முதல் வாரங்களில் மூடிவிடும். 2021-லிருந்து நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களும் முழு நிதி பெறலாம், ஆனால் மொத்த இடத்தில் 30 சதவீதம்தான் உச்சம். கிடைத்தால் 2024-25 கணக்கில் ஆண்டுக்கு 19,237 பவுண்டு உதவித்தொகை, கட்டணமும் அவர்களே, வெளிநாட்டுக் கட்டணத்தின் மிச்ச வித்தியாசத்தை உங்களிடம் கேட்கவும் கூடாது. கன்சல்டன்சிக்காரர்கள் என் விண்ணப்பத்தை அனுப்பியது மார்ச் 11. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு! அதற்குமேல் வருகிறவனுக்குக் காசு கட்டிச் சேரும் இடம்தான் மிச்சம். இதில் விண்ணப்பக் கட்டணம் என்று தனியாக 6,000 வேறு வாங்கினார்கள், அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கட்டணமே கிடையாது.

ஜெர்மனி என்றால் கதையே வேறு, அங்கே நிறைய பிஎச்.டி. இடங்கள் சம்பள வேலையாகவே விளம்பரமாகின்றன, நாமே நேரடியாக அனுப்பலாம். இங்கேயே சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி அறிவியல் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000. நான் இப்போது அதற்கும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பல்கலைக்கழக அட்மிஷன் பிரிவுக்கு பாஸ்போர்ட் நகலோடு நேரடியாக எழுதுங்கள். எனக்கு நான்கே நாளில் மெயில் ஐடியை மாற்றிக் கொடுத்தார்கள், அப்புறம் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றேன். கட்டிய 50,000-இல் ஒரு பைசா இன்னும் வரவில்லை.

அந்த நிலநடுக்கப் பேராசிரியருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பாறையியல் பார்க்கும் சக பேராசிரியர் ஒருவரைச் சொல்லிவிட்டார். அவருக்கு என் தின் செக்‌ஷன் (பாறையை மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் எடுப்பது) படங்கள் இரண்டை வைத்து நானே எட்டு வரி எழுதினேன், மறுநாளே பதில் வந்தது. அக்டோபரில் விளம்பரம் வரும், அதற்கு முன் ஒருமுறை பேசலாம் என்றிருக்கிறார்.