எம்1 மேக்புக் ஏர்: சிப் சொந்தமா இருந்தா போதும், ஃபேக்டரி வேணாம்
ஆப்பிளோட எம்1 மேக்புக் ஏர் லேப்டாப் வாங்கி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் அதுலதான் வேலை. முன்னாடி வச்சிருந்த லேப்டாப்ப மடியில வச்சா தொடை சுடும், நாலு டேப் திறந்தாலே ஃபேன் கத்தும், இதுல ஃபேனே கிடையாது, அரை மணி நேர வீடியோவ எக்ஸ்போர்ட் போட்டுட்டு அடியில கை வச்சுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்துச்சு அவ்ளோதான்.

இப்படிச் சூடாகாம ஓடறதுக்குக் காரணம் ஆப்பிளே டிசைன் பண்ண எம்1 சிப். இதுக்கு விதை ஆப்பிள் 2008லயே பி.ஏ. செமிங்கிற சின்ன சிப் டிசைன் கம்பெனிய வாங்கிப் போட்டதுதான். ஐபோன் சிப்புல கை பழகி, 2020ல இன்டெல் கம்பெனி சிப்ப விட்டுட்டு மேக்குக்கும் சொந்த சிப் வச்சாங்க. ஆனா டிசைன் மட்டும்தான் இவங்களோடது, தயாரிச்சுக் குடுக்கறது தைவானோட டிஎஸ்எம்சி, ஸ்கிரீனும் வெளிய வாங்கறதுதான். சாம்சங் மாதிரி மெமரி, டிஸ்ப்ளே, சிப்னு எல்லாத்துக்கும் சொந்த ஃபேக்டரி வச்சா மார்க்கெட் படுக்கும்போதும் அந்த மிஷினுக்கெல்லாம் தீனி போட்டே ஆகணும், 2023ல மெமரி விலை விழுந்தப்ப அவங்க சிப் பிரிவு பெரிய நஷ்டத்துல போச்சே.

அதனால பொருளோட உயிர் எதுல இருக்கோ அத மட்டும் கையில வச்சுக்கணும்ங்கறது என் கட்சி. அதுக்கும் பொறுமை வேணும், 2019ல ஆப்பிள் இன்டெல்லோட போன் மோடம் (போன நெட்வொர்க்கோட இணைக்கற சிப்) பிரிவுல பெரும்பகுதிய வாங்கினாங்க, சொந்த மோடம் சி1 ஐபோன் 16இ-ல வந்தது 2025லதான்.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு, ரேம் பின்னாடி ஏத்த முடியாது, 16 ஜிபியே எடுத்துடுங்க.